அவரவர் அளவு

தவக்காலம் நெருங்கும் வேளையில் பங்கு மக்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் காலத்திற்கேற்ப மாறி வருகின்றன. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில், "சாமி, வெள்ளிக்கிழமை கறித் துண்டை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டால் சுத்தபோசனம் கெடுமா?" என்று கேட்பார்கள். இன்றோ, "நாற்பது நாளும் இராச் சாப்பாட்டை விட்டுவிட்டால் எத்தனை கிலோ குறையும், சாமி?" என்பதே கேள்வி. கேட்பவர்களுள் இளம்பெண்களும் உளர். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உளர். சென்ற ஆண்டு மரியாயின் சேனைத் தலைவி ஒருவரும் கேட்டார்.

இக்கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்கும் குருக்கள் உண்டு. நாம் அவ்வாறு செய்வதில்லை. ஒறுத்தல் வேறு, எடைக் குறைப்பு வேறு என்பது உண்மையே. முன்னதில் பசி மன்றாட்டாக மாறுகிறது. பின்னதில் பசி ஒரு கணக்காக நிற்கிறது. எனினும் இரண்டும் குடியிருக்கும் வீடு ஒன்றே. அந்த வீட்டைத் தூய ஆவியின் ஆலயம் என்று பீடத்தில் நின்று சொல்லிவிட்டு, அதன் தூண்கள் வீங்கி, கூரை இறங்குவதைப் பற்றிக் கேட்பவரைக் கடிந்துகொள்வது எவ்வாறு பொருந்தும்?

இவ்விடத்தில் நம் உடம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ('நாம்' என்று எழுதுவது இத்தகைய பக்கங்களின் வழக்கம், எடை மட்டும் எழுதுபவருடையதே. வாசகர் தம் எடையை அதனோடு கூட்டிக்கொள்ள வேண்டியதில்லை.) உயரம் 168 சென்டிமீட்டர். மூன்று ஆண்டுகளுக்கு முன் எடை 92 கிலோ. இடுப்புச் சுற்றளவு 108 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே மருத்துவர்கள் கவனிக்கச் சொல்கிறார்கள்; பெண்களுக்கு 80. நற்கருணைப் பேழைக்கு முன் முழந்தாளிட்டால், எழுவதற்குப் பீடத்தின் விளிம்பைப் பற்ற வேண்டியிருந்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் 6.3 என்று வந்தது. 6.5 ஆனால் நோய். நம் தகப்பனார் சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தவர். கடைசி நான்கு ஆண்டுகள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே நற்கருணை வாங்கியவர். ஆகவே அந்த எண்ணை மருத்துவர் நமக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

செய்தி பரவியதும் உடன் குருக்கள் அன்போடு வைத்தியம் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் அரிசியை அறவே நீக்கி இறைச்சியும் முட்டையும் உண்ணும் பேலியோ முறையால் பதினான்கு கிலோ குறைத்தவர். இன்னொருவர் நாளில் பதினாறு மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருப்பவர். மூன்றாமவர் வரகும் சாமையும் தவிர எதையும் தொடாதவர். மூவரும் தத்தம் வழியில் நலமாகவே இருந்தார்கள். மூவரும் மற்ற இருவரின் வழி ஆபத்தானது என்று உறுதியாக நம்பினார்கள். திருச்சபை வரலாறு படித்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

நாம் முதலாமவரின் வழியை ஆறு வாரம் கடைப்பிடித்துப் பார்த்தோம். எடை குறையவே செய்தது. ஆனால் நண்பகல் தோறும் நமக்கென்று தனி உலை, தனித் தட்டு. கிளைக் கிராமத்தில் திருப்பலி முடிந்து ஒரு வீட்டில் இலை போட்டால், சோற்றைத் தொடாமல் எழ வேண்டும். அவருக்குப் பொருந்திய வழி நம் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இது தனிப்பட்ட ஒருவரின் அனுபவம் மட்டுமன்று என்பதைப் பின்னர் அறிந்தோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கொழுப்புக் குறைந்த உணவையும், மற்றப் பிரிவினருக்கு மாவுச்சத்துக் குறைந்த உணவையும் ஓராண்டுக் காலம் கற்பித்தார்கள். ஆண்டின் முடிவில் முதற்பிரிவினர் சராசரியாக 5.3 கிலோவும், இரண்டாம் பிரிவினர் 6 கிலோவும் குறைந்திருந்தனர். இதைப் பெரிய வேறுபாடு என்று சொல்ல முடியாது. ஆனால் இரு பிரிவிலும் இருபது கிலோவுக்கு மேல் குறைந்தவர்களும் இருந்தார்கள்; எடை கூடியவர்களும் இருந்தார்கள். மரபணுவைச் சோதித்தும், இன்சுலின் சுரப்பை அளந்தும், யாருக்கு எந்த உணவு பயன்தரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. அப்படியானால் எந்த உணவு சிறந்தது என்னும் கேள்வியைவிட, எந்த ஒழுங்கை இவர் இவருடைய வாழ்வில் ஆண்டுக்கணக்காகத் தாங்கிக்கொள்வார் என்னும் கேள்வியே முதன்மையானது என்றாகிறது.

வியப்பு யாதெனில், இக்கேள்வியை நம் துறவியர் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். எகிப்தின் பாலைவனத் துறவியரிடம் பயின்று, ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் மார்செய் நகருக்கு வந்த யோவான் கசியான், தலையான தீயொழுக்கங்களை எட்டாக வகுத்து, அவற்றுள் போசனப்பிரியத்தை முதலில் வைத்து எழுதினார். எழுதும்போதே, நோன்புக்கு எல்லாருக்கும் ஒரே அளவை விதிக்க இயலாது என்கிறார். வயது வேறு, வலிமை வேறு, ஆண் பெண் உடற்கூறு வேறு. ஒருவர் இரண்டு இராத்தல் அப்பம் உண்டும் பாரம் உணர்வதில்லை. மற்றவருக்கு அதில் பாதியே திகட்டிவிடுகிறது. எல்லாருக்கும் பொதுவானது ஒன்றே: வயிறு நிறைவதற்குச் சற்று முன்னரே எழுந்துவிடுதல்.

ஆறாம் நூற்றாண்டில் ஒழுங்கு வகுத்த புனித ஆசீர்வாதப்பர் இன்னும் நுட்பமானவர். நாளொன்றுக்கு ஓர் இராத்தல் அப்பம் என்று விதித்த அவர், சமைத்த கறி இரண்டு இருக்க வேண்டும் என்றார். காரணம் ஆடம்பரமன்று, ஒன்று ஒத்துக்கொள்ளாதவர் மற்றதை உண்ணட்டும் என்பதே. வேலை கடினமான நாளில் மடாதிபதி கூட்டிக் கொடுக்கலாம். சிறுவருக்குக் குறைவாகப் போதும். பிறருடைய உண்டி அளவைத் தாம் வரையறுப்பதில் தமக்குத் தயக்கம் உண்டு என்றும் எழுதிவைத்தார். சமையற்கூடத்தையும் சபையையும் ஒருங்கே அறிந்த ஒருவரே அவ்வாறு எழுத முடியும். இன்று எடைக் குறைப்பைப் போதிப்போரிடம் இத்தயக்கம் அருகிவிட்டது.

போசனப்பிரியம் என்னும் சொல்லை எடுத்ததால் ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறோம். பருமனாக இருப்பதையே பாவமாக எண்ணி ஒப்புரவு அருட்சாதனத்தில் அழுபவர்கள் இருக்கிறார்கள். திருச்சபையின் போதனை அதுவன்று. பெரிய கிரகோரியார் இத்தீயொழுக்கத்தின் ஐந்து வகைகளை விளக்கும்போது, வேளைக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததை நாடுவது, சுவையாகச் சமைப்பதில் அளவுமீறிக் கவலைப்படுவது, மிகுதியாக உண்பது, பேராவலோடு விழுங்குவது என்று அடுக்குகிறார். அளவு என்பது ஐந்தில் ஒன்று மட்டுமே. ஏசா தலைமகன் உரிமையை விற்றது வெறும் பயற்றங்கூழுக்காக. எலியாவோ காகம் கொண்டுவந்த இறைச்சியை உண்டும் குற்றமற்றவராயிருந்தார். பண்டத்தில் ஒன்றுமில்லை, பசியின் போக்கில்தான் எல்லாம் என்பது கிரகோரியாரின் முடிபு. தோமா அக்குவினார் இன்னும் ஒரு படி செல்கிறார்: இவ்வளவு தேவை என்று நினைத்து ஒருவர் அதிகமாக உண்டால், அது போசனப்பிரியம் அன்று, பழக்கமின்மை. அவரே பருத்த உடலினர் என்று மரபு கூறும். இறையியல் கற்ற காலத்தில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். இப்போது அந்த வரையறை நமக்கு மிகவும் ஆறுதலாயிருக்கிறது.

நம் மக்களுள் பெரும்பாலோர் இந்தத் தேவை என்று நினைக்கும் வகையினரே. ஏர் பிடித்தவரும் பனையேறியவரும் உண்ட சோற்றின் அளவை, வங்கியில் அமர்ந்திருக்கும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் உண்கிறார்கள். நாடு முழுவதும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த, 2025-இல் வெளியான ஆய்வின்படி, நாம் உண்ணும் கலோரிகளில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. பருப்பும் காய்கறியும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்பவை என்ற நிலை. சோறு அவற்றைத் தொட்டுக்கொள்வதாக மாறினாலே பாதி வேலை முடிந்துவிடும். 2024-இல் ஐதராபாத்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளில் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம் என்று கண்டோம். நம் வீடுகளில் இக்கணக்கு பெரும்பாலும் தலைகீழ்.

சோற்றைக் காட்டிலும் நமக்குப் பெரிய சிக்கலாயிருந்தது காப்பி. பங்குத்தந்தையரின் வாழ்வை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நம் பங்கில் தலைமைக் கிராமம் ஒன்று, கிளைக் கிராமங்கள் ஐந்து. வீடு சந்திப்புக்குப் போனால் ஒரு மாலையில் எட்டு வீடு. எட்டு வீட்டிலும் காப்பி அல்லது தேநீர். ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி சீனி என்று வைத்தாலும் எட்டுக்குப் பதினாறு. ஒரு கரண்டி ஐந்து கிராம் என்றால் 80 கிராம். உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் சொன்ன உச்ச வரம்பு, 2000 கலோரி உண்பவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 50 கிராம். கருப்பட்டிக் காப்பி கொடுப்பவர்கள், "இது ஒன்றும் செய்யாது, சாமி" என்பார்கள். கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரையே. பனைமரத்தின் மீதுள்ள பாசத்தால் அது மாறிவிடாது.

"வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்றார் மருத்துவர். அவர் நகரத்தவர். நம் கிளைக் கிராமங்களில் ஒன்றில், ஊருக்கு வெளியே கிழக்குப் பக்கமாக முப்பது வீடுகள் உள்ளன. அந்த வீட்டாரின் பாட்டன்மாருக்கு ஊருக்குள் எந்த வீட்டிலும் டம்ளர் கிடையாது. தேநீர்க் கடையில் தனிக்குவளை. அவர்கள் வீட்டில் பிறர் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததும் கிடையாது. கிறிஸ்தவர்களாகிய நாமும் இதில் கை கழுவிவிட முடியாது. கோவிலுக்குள் தனி இடமும், கல்லறையில் தனிச் சுவரும் இருந்த ஊர்கள் நம் மறைமாவட்டங்களில் எத்தனையோ. அந்த முப்பது வீடுகளில் ஒன்றில் போய் அமர்ந்துகொண்டு, குரு ஒருவர் "எனக்கு எதுவும் வேண்டாம் அம்மா, சர்க்கரை இருக்கிறது" என்றால், அவர்கள் காதில் விழுவது சர்க்கரை அன்று. அவர்கள் புன்னகை செய்வார்கள், வற்புறுத்த மாட்டார்கள். வற்புறுத்தாமையில்தான் எல்லாம் இருக்கிறது.

கசியான் இதையும் எழுதியிருக்கிறார் என்பது நமக்குப் பெருந்துணையாயிற்று. எகிப்தில் அவர் சந்தித்த முதியவர் ஒருவர், விருந்தினர் வரும்போதெல்லாம் தம் நோன்பைக் கலைப்பார். நோன்பு எப்போதும் கைவசம் இருக்கிறது, நீங்களோ போய்விடுவீர்கள் என்பது அவர் கருத்து. மற்றொரு முதியவர், வந்தவர்களுக்காக அன்று ஆறுமுறை பந்தி வைத்து, ஆறுமுறையும் அவர்களோடு தாமும் உண்டு, அப்போதும் பசி தீராதவராய் இருந்தாராம். ஒவ்வொரு முறையும் அவர் எவ்வளவு சிறிதாக உண்டிருக்க வேண்டும் என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். பாலைவனத்துக்குப் போய்ப் பட்டினி கிடந்தவர்கள், வந்தவரின் முன் பட்டினியைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆகவே, எந்த வீட்டிலும் எதையும் மறுப்பதில்லை. எதைக் கேட்பது என்பதை மட்டும் மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தோம். அதையும் தனித்தனி வீட்டில் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் தங்கள் வீட்டுக்கு மட்டும்தான் இந்தச் சட்டமோ என்று தோன்றும். ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்புகளோடு சேர்த்து, நம் இரத்தப் பரிசோதனை எண்ணையே வாசித்தோம். இனி நாட்டாண்மை வீடானாலும் கடைசி வீடானாலும், தண்ணீர், மோர், நீராகாரம் இவற்றுள் எது இருக்கிறதோ அதைக் கேட்டு வாங்கிக் குடிப்போம் என்றோம். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. உபதேசியார் தலை குனிந்துகொண்டார்.

எல்லாம் உடனே சீராகிவிடவில்லை. பாட்டி ஒருவர் சீனி போட்ட காப்பியையே நீட்டி, "சீனி இல்லாமல் கொடுத்தால் என்னைக் கஞ்சப் பிசினாறி என்பார்களே, சாமி" என்றார். குடித்தோம். அவருக்குத் தொண்ணூறு வயதை எட்டும் பருவம். நம் சர்க்கரையைவிட அவர் பெயர் அன்று பெரிதாகப்பட்டது. ஆனால் அந்தக் கிழக்கு வீடுகளில் நடந்தது நாம் எதிர்பாராதது. முன்பெல்லாம் நாம் போனதும் பிள்ளை ஒன்று காசோடு கடைக்கு ஓடும். கலர்ப் புட்டியும் பிஸ்கட்டும் வரும். அதை நாம் அன்பின் மிகுதி என்றே எண்ணியிருந்தோம். நீராகாரம் கேட்ட முதல் நாள், அந்த வீட்டுத் தாய் சற்று நேரம் அசையாமல் நின்றார். "எங்கள் பானையிலிருந்தா, சாமி?" என்றார். மூடி முத்திரையிட்டு வரும் கலர்ப் புட்டியை யாரும் மறுக்க மாட்டார்கள், பானையை மறுத்துவிடுவார்கள். அதற்காகவே அது கடையிலிருந்து வந்துகொண்டிருந்தது. சின்ன வெங்காயம் இரண்டோடு அவர் கொண்டுவந்த செம்பு விளிம்பு நசுங்கியது. மூன்று ஆண்டுகளாக அந்தத் தெருவில் கலர் வாங்கப் பிள்ளைகள் ஓடுவதில்லை.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரத்திற்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்பதை இப்போது பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். முழங்கால் வலியால் முதல் மாதம் கோவில் வளாகத்திற்குள் பத்து நிமிடம், பின் இருபது. ஐந்து கிளைக் கிராமங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவை. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவற்றுக்கு மாலையில் நடந்து போகிறோம். ஒல்லியான உபதேசியார் உடன்வருகிறார். அவருக்கு இதில் யாதொரு ஆதாயமும் இல்லை என்பதை வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வருகிறார். நடையால் மட்டும் எடை பெரிதாகக் குறைவதில்லை. ஒரு மணி நேர நடையில் கரைவதை ஒரு தட்டு பரோட்டா நிரப்பிவிடும். ஆயினும் அது வேறு வகையில் பயனுள்ளது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றும் செய்யாதிருந்தவர்களில் 55 சதவீதத்தினர் நோயாளராயினர். நடையையும் உணவு ஒழுங்கையும் கைக்கொண்டவர்களில் 39 சதவீதத்தினர். இதில் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலேயே இந்தப் பயன் விளைந்தது என்பது நம்மைப் போன்றோர் மனப்பாடம் செய்ய வேண்டிய செய்தி. எடைப்பொறி நகராத நாளிலும் உடல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

அது நகராத நாட்கள் உண்டு. 92-இலிருந்து 84 வரை ஓராண்டில் இறங்கிய எடை, அங்கே ஐந்து மாதம் அப்படியே நின்றது. உடல் மெலிந்தால் அதன் செலவும் குறைகிறது. பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் 2011-இல் வெளியான ஆய்வொன்று, எடை குறைத்து ஓராண்டு கழிந்த பின்னும் பசிச் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது. எனவே மீண்டும் எடை கூடியவரைப் பார்த்து, "மனவுறுதி இல்லை" என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. உடலை வருத்தினால் அடங்கும் என்று நினைப்போருக்கு 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த சோதனையைச் சொல்வதுண்டு. போரில் ஆயுதமேந்த மனச்சான்றின்படி மறுத்த இளைஞர் 36 பேர், போரால் பட்டினி கிடப்போருக்கு உதவும் அறிவைத் தருவதற்காகத் தாமே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடையில் கால் பங்கு போயிற்று. அதோடு நகைச்சுவையும் நட்பும் போயின. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்கலானார்கள். சோறு தவிர வேறு நினைவில்லை. அறநெறிக்காகச் சிறைக்கும் அஞ்சாத மன உறுதியினர் அவர்கள்! சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் நமக்குப் போதும் என்று திருச்சபை குறைத்து வைத்திருப்பதில் பெரிய ஞானம் இருப்பதாகவே எண்ணுகிறோம். 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி ஒருசந்தி 18 வயது முதல் 60-ஆம் வயது தொடங்கும் வரைதான். மாத்திரை போட்டுக்கொண்டே பட்டினி கிடக்கும் எழுபது வயதுத் தாய்மாருக்கு இதை ஆண்டுதோறும் சொல்கிறோம். அவர்கள் ஆண்டுதோறும் கேட்பதில்லை.

உணவின் அளவுக்கு வழிகாட்டியவர் இஞ்ஞாசியார். மன்ரேசாவில் கடுந்தவம் செய்து வயிற்றைக் கெடுத்துக்கொண்ட அனுபவம் அவருக்கு உண்டு. அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் உண்பதற்கென்று எட்டு விதிகள் இருக்கின்றன. கடைசி விதி வெகு எளிது. அடுத்த வேளைக்கு எவ்வளவு என்பதை, உண்டு முடித்த பின், பசியில்லாத நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். பசித்திருக்கும் நாம் ஒருவர். பசியாறிய நாம் வேறொருவர். முதலாமவரிடம் அகப்பையைக் கொடுக்கக் கூடாது. எனவே மதியம் உண்டு கைகழுவியதும் இரவுக்குரிய அளவைப் பங்கு இல்லத்தில் சமைக்கும் அம்மாவிடம் சொல்லிவிடுகிறோம். இரவு முடிந்ததும் மறுநாளைக்கு. இரவு உணவையும் அன்பியக் கூட்டத்திற்கு முன்பே, ஏழு மணிக்குள் முடித்துக்கொள்கிறோம். கூட்டம் முடிந்து பத்து மணிக்கு உண்ணும்போது அளவு என்பதே இருப்பதில்லை. இது நமக்குப் பொருந்திய ஒழுங்கு. இரவுப் பணியிலிருந்து விடியலில் திரும்பும் ஆலைத் தொழிலாளிக்கு இதனால் பயனில்லை.

அந்த அம்மாவிடமிருந்து நாம் ஒன்றைக் கற்றோம். நம் சோறு குறைந்த முதல் வாரம் அவர் எடை கூடியது. பானையில் போடுவதைக் குறைக்காமல் தட்டில் போடுவதை மட்டும் குறைத்ததால், மிஞ்சியது வீணாகக் கூடாதென்று அவரே உண்டிருக்கிறார். எத்தனையோ வீடுகளில் தாய்மாரின் உடம்பு இப்படித்தான் பருக்கிறது: கணவன் வைத்துவிட்டுப் போனது, பிள்ளை கடித்துவிட்டுப் போனது, நேற்றைய குழம்பு. அவர்கள் பந்தியில் கடைசியாக அமர்பவர்கள். கறித் துண்டு அவர்களுக்கு வருவதில்லை. சோறு மட்டும் வருகிறது. இவர்களிடம் போய் "நாவை அடக்குங்கள்" என்று பிரசங்கம் செய்வது அநீதி. அவர்கள் நாவை என்றைக்குக் கேட்டோம்? 2021-இல் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் பங்கு இல்லத்துக்கு வந்தபோது, நமக்குப் பார்க்க வந்தவரிடம் அம்மாவுக்கும் பார்க்கச் சொன்னோம். அவருக்குச் சர்க்கரை இருப்பது அன்றுதான் தெரிந்தது. இப்போது ஒரே உலையில் இருவருக்கும் அளந்து போடுகிறார். கொள்ளும் பாசிப்பயறும் வாரத்தில் நான்கு நாள். மீன் வந்தால் இரு தட்டிலும் ஒரே எண்ணிக்கை. இந்தக் கடைசி விதியை ஏற்க அவர் நெடுநாள் மறுத்தார்.

அண்மையில் வளைகுடா நாட்டிலிருந்து வந்த ஒருவர், வாரமொருமுறை போட்டுக்கொள்ளும் புதிய ஊசி மருந்தைப் பற்றி, அது குறுக்கு வழியாகிய பாவமா என்று கேட்டார். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை போடுவது பாவமா என்று திருப்பிக் கேட்டோம். அம்மருந்துகள் பலருக்கு எடையைக் கணிசமாகக் குறைக்கின்றன; நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது; விலையும் அதிகம். அது மருத்துவரோடு பேச வேண்டியது. மருந்தின் துணை வேண்டியவர் விசுவாசத்தில் குறைந்தவர் அல்லர்.

இன்று நம் எடை 81 கிலோ. இரத்தப் பரிசோதனை 5.8. அட்டவணைப்படி நாம் இன்னும் பருமனானவரே. முழந்தாளிட்டால் பீடத்தைப் பற்றாமல் எழுகிறோம். வரும் மாதம் பாதுகாவலர் திருவிழா. கொடியேற்றம் முதல் பத்து நாளும் ஒவ்வொரு தெருவாரின் உபயம். கடைசி நாள் அசனம். பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வேகும். ஊர் முழுவதும், கிழக்கு வீட்டார் உட்பட, ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்ணும். சாமிக்குத் தனியாக என்ன சமைக்க வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். தனியாக எதுவும் வேண்டாம், அந்த வரிசையில் கிழக்குக் கோடியில் ஓர் இலை போதும் என்று சொல்லியிருக்கிறோம். எல்லாருடைய இலையிலும் பூசணிக் கூட்டு ஒன்று சேர்க்கலாமே என்று ஒரு யோசனையும் வைத்தோம். சர்க்கரை உள்ளவர்கள் குழுவிலேயே நான்கு பேர், ஆதரித்தார்கள். அசனத்தில் கூட்டு வைக்கும் வழக்கம் ஒருபோதும் இருந்ததில்லை என்கிறார் பொருளாளர். அடுத்த ஞாயிறு மறுபடியும் கூடிப் பேசுகிறார்கள்.